பெயின்ட் காயும்வரை

மஹய்யாவ,
08.06.2025

ராஜலிங்கத்துக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்கவில்லை. தொடங்கினால் பொய்யாகும். பொய் சொன்னால் எனக்குப் பிரஷர் கூடும்.

நேற்று ஆஸ்பத்திரி வாசலில் நீ போட்ட சத்தத்துக்குப் பிறகு உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. உன் நம்பரை வட்ஸ்அப்பில் மூடிவிட்டேன். இதை வத்தேகம பஸ் கொண்டக்டர் சுதேஷிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவன் பிரித்துப் படிப்பான் என்று தெரியும். படிக்கட்டும்.

உன் மகள் சுகிர்தாவுக்கு டிக்கட் வெட்டி வார்டில் இருந்து விட்டதும் நேராக என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவள் இனி இங்கேதான். கிழமை நாளில் டியூஷனுக்காக என் வீடு, சனி ஞாயிறு உன் வீடு என்ற பழைய ஏற்பாடெல்லாம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் விலாசம் கேட்டார்கள். என் விலாசத்தைத்தான் கொடுத்தேன். உன் டயர்க் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தால், எத்தனையாவது டயருக்குள் என்று கேட்டிருப்பார்கள்.

காய்ச்சல் தொடங்கியது உன் வீட்டில். நீ பார்த்த வைத்தியம் மிளகு ரசமும் பனடோலும். நான் வந்து தூக்கிக்கொண்டு போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? டொக்டர் சொன்னது உனக்கும்தான் கேட்டது: டெங்கு இரண்டாம் தரம் வந்தால் முதல் தரத்தைவிட மோசமாகலாம். அந்த இரண்டாம் தரத்துக்காக உன் டயர்க் கடையின் பின்னால் அவளை மறுபடி படுக்க வைக்க நான் தயாரில்லை. புவனா இருந்திருந்தால் அவளும் இதைத்தான் சொல்லியிருப்பாள். தாய் இல்லாத பிள்ளைக்கு அத்தை சொல்வதுதான் சட்டம்.

இங்கே பிள்ளை விடிய எழும்பிக் கொலகெந்தக் கீரைக் கஞ்சி குடிக்கிறாள். கொதித்து ஆறிய தண்ணீர், சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவல், வேளைக்குப் படுக்கை. வாசலில் மருந்துத் தண்ணீர் பேசின் வைத்திருக்கிறேன், கால் கழுவாமல் யாரும் உள்ளே வர முடியாது. தினமும் மாற்றுகிறேன். என் சமையலறைச் சாப்பாட்டு அலுமாரியின் நாலு காலும் நாலு தகர டின்னில், தண்ணீரில் நிற்கின்றன. நான் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு அதில் ஒரு எறும்பு ஏறியது கிடையாது. அதன் பக்கத்தில்தான் சுகிர்தாவின் படிப்பு மேசை. சுத்தம் என்றால் என்னவென்று பிள்ளை பார்த்துக்கொண்டே படிக்கட்டும்.

இன்னொன்று. உன் டயர்களைப் பற்றி உங்கள் பக்கத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். பீ.எச்.ஐ. வருவார். ஓடி ஒளியாதே.

சந்திரிகா
(ஓய்வுபெற்ற ஆசிரியை, சுகாதாரமும் உடற்கல்வியும்)


வத்தேகம,
10.06.2025

மதிப்பும் மரியாதையும் பயமும் கலந்த அக்காவுக்கு,

கடிதத்தைக் கொடுக்கும்போதே சுதேஷ் சொன்னான்: “அண்ணே, ரெண்டாவது பக்கம் கொஞ்சம் சூடா இருக்கு. உக்காந்து படிங்க.” உட்கார்ந்துதான் படித்தேன். டயர் மேல். அதற்கும் ஒரு குற்றப்பத்திரிகை எழுதுவீர்கள் என்று தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் சத்தம் போட்டேனாம். “நீ அப்பனா இல்ல டயரா?” என்று பஸ் ஸ்டாண்ட் வரை கேட்கக் கத்தியது யார், நானா? கச்சான் கடலை விற்கிற அம்மா பக்கெட்டைப் போட்டுவிட்டு உங்களைப் பார்த்தார். என் பங்குக்கு நான் செய்த குற்றம், வார்டுக்குள் பப்பாளி இலைச் சாறு கொண்டுபோனது. நர்ஸ் நோனா போத்தலை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, “இதை நீங்களே குடிங்க” என்றார். பிள்ளைக்குத்தானே கொண்டுபோனேன், வீணாக்குவானேன் என்று வாசலில் நின்று குடித்தேன். அன்று முழுக்க எனக்கு வயிறு சரியில்லை. அந்தத் தண்டனை போதாதா?

என் உடம்பைப் பற்றி நீங்கள் இதில் எழுதவில்லை, அடுத்ததில் எழுதுவீர்கள், அதனால் நானே முந்திக்கொள்கிறேன். என் வயிறு காலையில் எனக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிளேன்டீக்குச் சீனி மூன்று கரண்டி. நடைப்பயிற்சி, கடைக்கும் வடைக் கடைக்கும் நடுவில். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயரைச் சொல்லாதீர்கள். போன வருஷம் எச்சரிக்கை வந்ததிலிருந்து ஒவ்வொரு பழைய டயரிலும் தண்ணீர் நிற்காதபடி ஓட்டை போட்டு, கூரைக்குக் கீழே அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் சாமி கும்பிட்ட கையோடு ஒவ்வொரு டயராகக் கவிழ்த்துப் பார்க்கிறேன். டயரைச் சுற்றி வருவது கோயிலைச் சுற்றி வருவது மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் கடைசியாக என் கடைக்குள் கால் வைத்தது எப்போது? பஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போவது பரிசோதனை ஆகாது.

கிழமையில் அஞ்சு நாள் பிள்ளை உங்கள் வீட்டில். டெங்கு நுளம்பு பகலில்தான் கடிக்கும் என்று நீங்கள்தான் பாடம் நடத்தினீர்கள். அஞ்சு பகல் உங்களிடம், ரெண்டு பகல் என்னிடம். கணக்கு எனக்கு வராது, இருந்தாலும் கேட்கிறேன்.

புவனாவை இதில் இழுக்காதீர்கள். அவள் இருந்தால் நம் ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே விட்டிருப்பாள்.

சுகிர்தா இல்லாமல் வீட்டில் சோறு இறங்கவில்லை. நேற்று ரெண்டு பேருக்கு உலை வைத்துவிட்டு, மற்றதை யாருக்குப் போடுவது என்று தட்டோடு நின்றேன். சனிக்கிழமை வருகிறேன். பிள்ளையின் உடுப்புப் பையைக் கட்டி வையுங்கள்.

ராஜலிங்கம்
(ஓய்வு பெறாதவன், டயரும் டியூபும்)


மஹய்யாவ,
15.06.2025

ராஜலிங்கத்துக்கு,

நேற்று நீ என் கேட்டுக்கு முன்னால் ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு ஜெயராஜ் குடும்பம் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தது. “பொண்ணைக் குடுங்க, பொண்ணைக் குடுங்க” என்று நீ கத்தினதில், மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாரோ பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து எட்டிப் பார்த்தார்கள். வெட்கம் கெட்டவன். கால் கழுவச் சொன்னேன், கழுவினாயா? பேசினைக் காலால் தள்ளிவிட்டாய். தள்ளியது பேசினை அல்ல, சுகாதாரத்தை.

கேட்டில் தொங்கவிட்டுப் போன கிம்புலா பணிஸ் பையை நாய்க்குப் போட்டேன். நாய்க்கும் ஒரு வயிறு உண்டு என்று பிறகுதான் நினைத்தேன், பாவம். காய்ச்சலில் இருந்து எழும்பிய பிள்ளைக்கு மேலெல்லாம் சீனி தூவிய பணிஸ் கொண்டு வருகிற அப்பனை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பகல் கணக்குக் கேட்டாய். என் வீட்டில் நுளம்பு வளர இடமில்லை. பூச்சாடி இல்லை, தொட்டி இல்லை, தேங்காய்ச் சிரட்டை ஒன்றைக்கூடக் கவிழ்க்காமல் போடுவதில்லை. எங்கள் ரோட்டில் சுகாதாரத்துக்கு ஒரு பரிசு கொடுத்தால் அதை எங்கே வைப்பது என்றுதான் எனக்குக் கவலை. நாளைக்கோ மறுநாளோ பீ.எச்.ஐ. உன்னிடம் வருவார். உன் பகல் கணக்கை அவரிடம் சொல்.

சுகிர்தாவைப் பார்க்க வேண்டும் என்றால் முதலில் உன் வயிற்றைக் குறை. பிறகு டயரை விற்று வேறு தொழில் பார். பிறகு எழுது. அதுவரை வராதே.

சந்திரிகா


வத்தேகம,
18.06.2025

அக்கா,

பீ.எச்.ஐ. மாத்தயா நேற்று வந்தார். ஒல்லியான மனிதர், பெரிய டோர்ச். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்திருந்தார். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் நீங்கள் நகம் பார்த்த ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்து நகத்தை ஒளித்துக்கொண்டேன்.

தார்ப்பாயைத் தூக்கினார். ஒவ்வொரு டயராகத் தட்டினார், கவிழ்த்தார், ஓட்டைக்குள் டோர்ச் அடித்தார். கூரைப் பீலியில் ஏறிப் பார்த்தார். என் குளியலறை வாளி, பறவைக்கு வைக்கிற சட்டி, பக்கத்து சலூன்காரன் எறிந்த யோகட் கோப்பை, ஒன்றையும் விடவில்லை. கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து சொன்னார்: “மாத்தயா, டயர் எல்லாம் ஹொந்தய். நீங்கதான் சரியில்ல. கொஞ்சம் நடங்க.”

கேட்டீர்களா? டயர் சுத்தம். நான்தான் அசுத்தம். இந்தத் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன். அவருக்கு பிளேன்டீ கொடுத்தேன். சீனி வேண்டாம் என்றார். உங்கள் சாதி.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். டெங்கு வந்தவரின் விலாசத்தை ஆஸ்பத்திரி அந்தந்தப் பகுதி பீ.எச்.ஐ.க்கு அனுப்பிவிடுமாம். அவர் அந்த விலாசத்துக்குத்தான் முதலில் போய்ப் பார்ப்பாராம். “உங்கட மகளோட கேஸ் எங்கட ஏரியாவுக்கு வரல்லையே, கண்டிப் பக்கம் போட்டிருக்காங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் விலாசத்தை நீங்களே ஆசை ஆசையாக எழுதிக் கொடுத்தீர்களே! விருந்தாளி வருகிறார் அக்கா. கால் கழுவ பேசின் வையுங்கள்.

பணிஸ் நாய் தின்றதாக எழுதியிருந்தீர்கள். நாய்க்குப் போடும் முன்னால் ஒன்று குறைந்திருந்ததா என்று எண்ணிப் பார்த்தீர்களா? சுதேஷிடம் சுகிர்தா, “அப்பா வாங்குற பணிஸ் நல்லா இருந்துச்சுன்னு சொல்லுங்க” என்று சொல்லி அனுப்பினாள். என் மகள். உங்கள் சட்டத்தில் ஓட்டை போடத் தெரிந்தவள். டயர்க்காரன் பிள்ளை அல்லவா?

நான் தோற்கவில்லை. இனி எந்தக் காரணத்தைச் சொல்லிப் பிள்ளையை வைத்திருக்கப் போகிறீர்கள்?

ராஜலிங்கம்


மஹய்யாவ,
19.06.2025

ராஜலிங்கத்துக்கு,

உங்கள் ஊர்ப் பீ.எச்.ஐ.க்குக் கண் தெரியாது, அல்லது நீ கொடுத்த பிளேன்டீ வேலை செய்திருக்கிறது.

எங்கள் பகுதிக்காரர் நாளைக்கு வருகிறார் என்று அறிவித்துவிட்டார்கள். வரட்டும். வாசலில் இருந்து கொல்லை வரை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டப் போகிறேன். சமையலறையையும் காட்டுவேன். பார்த்து முடிந்ததும், இந்தப் பிள்ளை இருக்கத் தகுந்த வீடு இதுதான் என்று அவர் வாயால் சொல்ல வைத்து, அதைச் சின்ன மாமாவுக்கும் மற்றச் சொந்தக்காரர்களுக்கும் போன் போட்டுச் சொல்வேன். அதற்குப் பிறகு நீ எந்தக் கேட்டில் நின்று கத்தினாலும் கேட்க ஆளிருக்காது.

பணிஸ் விஷயமாக சுகிர்தாவிடம் பேசிவிட்டேன். இரண்டு நாள் கொலகெந்தவில் சர்க்கரைத் துண்டு கிடையாது.

சந்திரிகா


மஹய்யாவ,
21.06.2025

ராஜலிங்கம்,

இதைக் கொண்டு வருபவள் சுகிர்தா. உடுப்புப் பை, புத்தகங்கள், நுளம்பு வலை எல்லாம் அவளிடம் இருக்கின்றன.

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். பெயின்ட் மணம் காய்ச்சலில் இருந்து எழும்பிய பிள்ளைக்கு ஆகாது. அதனால் அனுப்புகிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை. சுதேஷ் ஏதாவது சொன்னால் நம்பாதே.

வலையைக் கட்டு. பகலில் படிக்கும்போதும் காலை மூடச் சொல். சாயங்காலம் ஜன்னலைச் சாத்து.

சந்திரிகா


வத்தேகம,
24.06.2025

அக்காவுக்கு,

பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள். வலை கட்டியாயிற்று. ஜன்னல் சாத்தியாயிற்று. காலுக்கு என் காலுறை, முழங்கால் வரை வருகிறது.

பெயின்ட் அடிக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ரொம்ப நல்லது. மழைக் காலத்தில் பெயின்ட் அடிக்கிற ஒரே வீடு உங்களுடையதுதான். இருந்தாலும் பெயின்ட் என்றால் பெயின்ட். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வேறு ஒரு வம்பு கேள்விப்பட்டேன், அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்தில் யாரோ ஒரு ஓய்வுபெற்ற டீச்சராம். யாரென்று எனக்குத் தெரியாது. சுதேஷ் சொன்னான்: “அண்ணே, பீ.எச்.ஐ. மாத்தயா முத்தத்தப் பாத்தாரு, கொல்லையப் பாத்தாரு, ஒண்ணுமில்ல. டீச்சர் நெஞ்ச நிமித்திக்கிட்டு, ‘சமையல்கட்டையும் பாருங்க மாத்தயா’ன்னு அவங்களே கூட்டிட்டுப் போனாங்க. சாப்பாட்டு அலுமாரிக்குக் கீழ டோர்ச் அடிச்சவரு அப்படியே குந்திட்டாரு. நாலு காலுக்கும் நாலு டின். நாலு டின்லயும் புழு துள்ளுது!” எறும்பு ஏறக் கூடாது என்று வைத்த தண்ணீராம். ஆவியாகக் குறையக் குறைய மேலே ஊற்றுவாராம், ஒரு நாளும் கொட்டிக் கழுவினதில்லையாம். அலுமாரி கனம், நகர்த்த முடியாது. பக்கத்தில்தான் அந்த வீட்டுப் பிள்ளை காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு படிக்குமாம். எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் மாத்தயா.

இந்தக் கதையைக் கேட்டதும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? சுதேஷுக்கு ஒரு வடை வாங்கிக் கொடுத்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். பிறகு உட்கார்ந்து அந்த டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் எழுதியதிலேயே அருமையான கடிதம் அது. ஒவ்வொரு வரியும் ஊசி. ‘தள்ளியது பேசினை அல்ல, சுகாதாரத்தை’ என்று எனக்கு யாரோ எழுதினார்களே, அதைவிட நல்ல வரிகள் மூன்று இருந்தன. உரக்கப் படித்தேன். நானே சிரித்தேன்.

அப்போது சுகிர்தா சமையலறைக்குள் இருந்து வந்தாள். “அப்பா, அத்தைகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க” என்றாள். “ஏன்?” என்றேன். “பீ.எச்.ஐ. போனப்புறம் அவங்க அலுமாரிக்கிட்ட தரையில உக்காந்துட்டாங்க. நான் எழுப்பினேன். ‘என் வீட்லதான்டி உனக்குக் கடிச்சிருக்கு’ன்னு சொல்லிட்டு அழுதாங்க. அப்புறம் அந்த அலுமாரிய ஒத்தையாவே தூக்கி நகத்தினாங்க. இப்ப இடுப்பு புடிச்சிருக்கு. பெயின்ட்னு சொல்லச் சொன்னாங்க.”

கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மூன்று நல்ல வரிகளும் எரிந்தன. அதற்கு நீங்கள் ஒருநாள் பதில் சொல்ல வேண்டும்.

இந்தப் பார்சலில் நாலு ரப்பர் கிண்ணம் இருக்கிறது. பழைய லொறி டயரில் வெட்டியது. தண்ணீர் ஊற்றக் கூடாது. உள் விளிம்பில் கிரீஸ் பூசியிருக்கிறேன், எறும்பு ஏறாது. அடியில் ஓட்டை போட்டிருக்கிறேன், தவறித் தண்ணீர் விழுந்தாலும் நிற்காது. பெயின்ட் அடிக்கும்போது அலுமாரிக் காலில் பெயின்ட் படாமல் இருக்க வைத்துக்கொள்ளுங்கள். டயரை விற்று வேறு தொழில் பார் என்றீர்கள், அந்த டயரே உங்கள் சமையலறைக்குள் வந்துவிட்டது. ஓட்டை போட்ட டயர்தான், பயப்படாதீர்கள்.

அலுமாரியைத் தூக்க ஜெயராஜைக் கூப்பிடுங்கள். கதிரை போட்டு வேடிக்கை மட்டும் பார்க்கத் தெரிந்தால் போதுமா அந்த ஆளுக்கு?

பிள்ளை காலையில் கொலகெந்த கேட்கிறாள். எனக்கு அது வைக்கத் தெரியவில்லை. நேற்று வைத்தது டயர் ஒட்டும் பசை மாதிரி வந்தது. அவள் குடித்துவிட்டு, “நல்லா இருக்குப்பா” என்று பொய் சொன்னாள். பொய் சொன்னால் பிரஷர் கூடும் என்று ஒருத்தர் எழுதியிருந்தார். பிள்ளைக்காகச் சொல்கிறேன், பெயின்ட் சீக்கிரம் காயட்டும்.

ராஜலிங்கம்


மஹய்யாவ,
03.07.2025

தம்பி ராஜலிங்கத்துக்கு,

ரப்பர் கிண்ணம் நாலும் கிடைத்தன. சமையலறை முழுக்க கராஜ் மணக்கிறது. கிரீஸ் என் சேலையில் பட்டு இன்னும் போகவில்லை. எறும்பு ஏறவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். ஜெயராஜும் மகனும் அலுமாரியைத் தூக்கி வைத்தார்கள். என் இடுப்பைப் பற்றி நீ எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நீ சொன்ன அந்த டீச்சரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்தாய் என்று அவளைக் கேட்டிருப்பேன். நோட்டீஸுக்குப் பிறகு பீ.எச்.ஐ. மறுபடியும் வந்து பார்த்தாராம். ஒன்றுமில்லை என்றாராம். அதையும் சுதேஷ் உன்னிடம் சொல்லியிருப்பான். சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்.

பிள்ளைக்குப் பசை கொடுத்து வயிற்றைக் கெடுக்காதே. சிவப்பரிசியை முதல் நாளே ஊற வை. கீரைச் சாற்றைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், கொதிக்கும்போது அல்ல, இறக்கும்போது. இதுகூடத் தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்க்கிறாய்.

பெயின்ட் காய்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை சுதேஷின் பஸ்ஸில் சுகிர்தாவை அனுப்பு. மேசையை ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நானே கொண்டுவந்து விடுகிறேன். டயர் கவிழ்க்கிறேன் என்று நீ சொல்கிற வெள்ளிக்கிழமையை நான் கண்ணால் பார்க்க வேண்டும். டோர்ச்சும் கொண்டு வருவேன்.

பிளேன்டீயில் எனக்குச் சீனி போடாதே.

சந்திரிகா